தாழ்ப்பாள் கடை மருமகள்

சாலை என்று பெயர்கொண்ட கடைத்தெருவில் தாழ்ப்பாள் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் எல்லோரும் நயினார் கடையைத்தான் கைகாட்டுவார்கள். இரும்பு, பித்தளை, ஸ்டீல், அலமாரிக்குப் போடுகிற சுண்டுவிரல் நீளம், கோயில் கதவுக்குப் போடுகிற முழங்கை நீளம் என்று அங்கே இல்லாத தாழ்ப்பாள் இல்லை. கடைக்கு மேலேயே வீடு. அந்த வீட்டில் குளியலறையைத் தவிர வேறு எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. மகன் ராகேஷ் சின்னப் பிள்ளையாக இருந்தபோது படுக்கையறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, திறக்கத் தெரியாமல் அலறி, கடைசியில் கதவை உடைத்து அவனை எடுக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கே நயினார் வீட்டிலிருந்த தாழ்ப்பாள்களை எல்லாம் கழற்றிக் கீழே கொண்டுபோய் விற்றுவிட்டார். ராகேஷ் வளர்ந்து, மீசை வைத்து, கல்யாணமும் கட்டிக்கொண்ட பிறகும் அவற்றைத் திரும்பப் போடவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் திவ்யலட்சுமி. வந்தபோது பதினெட்டு வயது அப்போதுதான் முடிந்திருந்தது.

அவள் ஊர் வித்துரா. பொன்முடி ரோட்டில் அவள் அப்பா செல்வமணிக்கு ஒரு பலசரக்குக் கடை. அவள் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது அம்மா மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். பிறகு அப்பாவும் மகளும் மட்டும்தான். வீடு அமைதியாகிவிடாமல் பார்த்துக்கொண்டது திவ்யாவின் தொண்டை. பொன்முடி பஸ் கொண்டை ஊசி வளைவில் திணறி ஏறுகிற சத்தம், அதன் கண்டக்டர் சில்லறை கேட்கிற குரல், ஹெட்மிஸ்ட்ரஸின் தும்மல், குக்கர் விசில் எல்லாமே அவளிடம் உண்டு. பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்தில் மிமிக்ரிக்கு முதல் பரிசு எப்போதும் அவளுக்குத்தான். செல்வமணிக்கு இதில் பெருமை இருந்தது, பயமும் இருந்தது. தான் கடையில் இருக்கும்போது, ஒற்றைப் பெண் இருக்கிற வீட்டிலிருந்து நாலைந்து ஆண்களின் குரல் கேட்டால் ஊர் என்ன நினைக்கும்?

பிளஸ் டூ ரிசல்ட்டும் சாலையிலிருந்து சம்பந்தமும் அடுத்தடுத்து வந்தன. நாஞ்சில் நாட்டுக் குடும்பம், ஒரே மகன், சொந்தக் கடை, தலைமுறை தலைமுறையாகச் சைவம். பெண் மேலே படிக்கலாம் என்றார்கள். பெண் வீட்டில் மீன் உண்டா என்று அவர்கள் கேட்கவில்லை. செல்வமணியும் கேட்காததற்குப் பதில் சொல்லவில்லை.

சொன்னபடியே திவ்யாவைப் பி.காம் சேர்த்தார்கள். முதல் வருஷம் முடியுமுன்பே அக்கவுண்டன்ஸி வகுப்பில் வாந்தியெடுத்தாள். பாடம் நடத்திக்கொண்டிருந்த சார் அதைத் தன் பாடத்தின் குறையாக எடுத்துக்கொண்டு இரண்டு நாள் மனம் வருந்தினாராம். பிறகுதான் விஷயம் தெரிந்தது.

பத்தொன்பது வயதில் பெண்குழந்தை பிறந்தது. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். குழந்தைக்கு மூச்சு கொஞ்சம் வேகமாக இருக்கிறது என்று ஒருநாள் தனியாக வைத்திருந்து, மறுநாள்தான் திவ்யாவின் கையில் கொடுத்தார்கள். தையல் வலியில் நிமிரக்கூட முடியாமல், அந்தச் சின்ன முகத்தை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நாகர்கோவிலிலிருந்து மங்கலம் வந்து இறங்கிவிட்டாள்.

மங்கலம் நயினாரின் அக்கா. ஐந்து பிள்ளை பெற்றவள், பேரப்பிள்ளைகள் கணக்கு அவளுக்கே சில சமயம் பிசகும். குடும்பத்தில் எங்கே பிரசவம் என்றாலும் அவளுக்கு அழைப்பு வேண்டியதில்லை. கட்டிலருகே நின்று திவ்யாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, தம்பி பெண்டாட்டி பொன்னம்மையிடம் சொன்னாள்: "இதுவே பச்சப்பிள்ளை. இதுகிட்டே எங்கேருந்து பால் வரும்?"

பொன்னம்மை தலையாட்டினாள். தனக்கும் அப்படித்தான் தோன்றியது என்றாள். மாலையில் ராகேஷ் மருந்துக்கடையில் ஒரு பால்பவுடர் டின் வாங்கிவந்தான்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் தாழ்ப்பாள் இல்லாததன் அருமை திவ்யாவுக்குத் தெரிந்தது. அவள் அறை அந்த வீட்டுக்கே பொதுச்சொத்து. போர்வை, துண்டு எல்லாம் அங்கிருந்த பீரோவில். கோடவுன் சாவி அங்கிருந்த ஆணியில். இன்வெர்ட்டரும் அங்கேதான். மாமா சாவிக்கு வருவார்; வாசலில் நின்று நெஞ்சிலுள்ள சளியெல்லாம் கலங்கும்படி இருமுவார். அத்தை துண்டுக்கு வருவாள்; எல்லாம் பழகிவிடும், தனக்கெல்லாம் பொங்கி வழிந்தது என்று சொல்லிவிட்டுப் போவாள். மங்கலத்துக்கு வருவதும் போவதும் கிடையாது, அங்கேயே கட்டிலில்தான் இருப்பாள். போதாததற்குக் குழந்தை பார்க்க வருகிறவர்கள். சாலையில் பாதிக் கடைக்காரர்களின் வீட்டுப் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் குழந்தையின் மூக்கைப் பார்த்து நயினார் ஜாடை என்பார்கள். பிறகு திவ்யாவின் பக்கம் திரும்பி, "பால் உண்டா?" என்பார்கள். கீழே கடையில் 'ஆறிஞ்சுக் கீல் உண்டா' என்று கேட்பார்களே, அதே தொனிதான். திவ்யாவுக்கு, இல்லை, ஸ்டாக் வரவேண்டும் என்று சொல்ல வாய் வரும். சொன்னதில்லை.

இத்தனை பேர் நடுவில் அவள் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு குழந்தையை உள்ளே வைத்தால், குழந்தைக்கு மூச்சு முட்டும், அவளுக்கு வேர்க்கும். பிள்ளை நுனியை மட்டும் கவ்விக் கடிக்கும். காம்பு வெடித்துப் புண்ணாகிவிட்டது. குழந்தை வாயைக் கொண்டுவருவதைக் கண்டாலே அவளுக்குக் கால்விரல் மடங்கும். அவள் பல்லைக் கடிப்பதைப் பார்த்து மங்கலம் டின்னைத் திறப்பாள். சங்கில் பால் போனதும் குழந்தை கண்ணை மூடிக்கொள்ளும். "பாத்தியா? பசிதான், விசந்துதான் அழுதிருக்கு" என்பாள் மங்கலம். குழந்தை தூங்கி எழுந்து அடுத்த தடவை மார்புக்கு வரும்போது இன்னும் கொஞ்சம் கோபத்தோடு வரும்.

திவ்யா யாரிடம் கேட்பாள்? அம்மா இல்லை. பக்கத்திலிருந்து யாரும் பால் கொடுத்து அவள் பார்த்ததும் இல்லை. வகுப்புத் தோழிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் பரீட்சை டைம்டேபிளும், யாரோ ஒருத்தியின் பிறந்தநாள் கேக்கும் வந்துகொண்டிருந்தன. அங்கே போய் இதைக் கேட்க முடியுமா? போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். ராகேஷ் நல்லவன்தான். அவளுக்காக யூடியூபில் தேடி ஒரு வீடியோ கண்டுபிடித்தான். ஆனால் அவன் போன் கடையிலுள்ள ப்ளூடூத் ஸ்பீக்கரோடு இணைந்திருந்ததை மறந்துவிட்டான். மார்பை எப்படிப் பிடிக்கவேண்டும் என்று ஒரு மலையாளத்து டாக்டரம்மாள் தாழ்ப்பாள் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் தெளிவாக விளக்கினாள். அதன்பின் இரண்டு நாள் ராகேஷ் அப்பாவின் கண்ணில் படாமல் கோடவுனிலேயே இருந்தான்.

செல்வமணி தினமும் வித்துராவிலிருந்து போன் செய்வார். சாப்பிட்டாயா என்பார், தூங்கினாயா என்பார், கொஞ்சம் தொண்டையைக் கனைத்துவிட்டு, "மத்ததெல்லாம்... சரிதானே மக்ளே?" என்பார். சரிதான்ப்பா என்பாள். அந்த 'மத்தது' என்னவென்று இருவருமே சொல்லிக்கொண்டதில்லை.

நயினாருக்கும் அந்தச் சொல் வாயில் வராது. ஆனால் மருமகள் இளைத்துப்போவதும் டின்கள் அடிக்கடி மாறுவதும் அவர் கண்ணில் பட்டன. கடையில் கணக்குப் பார்க்கிற தாணுமாலயனிடம், பொதுவாகக் கேட்பதுபோல், பிள்ளை பெற்றவர்களுக்கு என்ன கொடுக்கவேண்டும் என்று விசாரித்தார். தாணுமாலயன் நிமிராமலே, "சுறாப்புட்டு கொடுத்தா சும்மா கொட்டும்" என்றார்.

நயினார் ஒரு பகல் முழுக்க யோசித்தார். ஆட்டுக்கறியையோ மீனையோ அவர் வாழ்நாளில் தொட்டதில்லை. ஆனாலும் மறுநாள் காலை ஆணி கட்டிக்கொடுக்கிற தடித்த துணிப்பையை எடுத்துக்கொண்டு பாளையம் மார்க்கெட்டுக்கே போய்விட்டார். மீன்காரி எதற்கு என்று கேட்டாள். வீட்டில் ஓர் ஆளுக்கு என்றார். என்ன ஆள் என்றாள். புதிய ஆள் என்றார். அவள் சிரித்துக்கொண்டு பால்சுறா என்று ஒன்றை எடுத்துக் காட்டினாள். அந்தப் பெயரைக் கேட்டதுமே நயினாருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. எவ்வளவு வெட்ட என்று கேட்டதற்கு, தாழ்ப்பாளில் பாதி தருவதுண்டா என்று கேட்டு முழு மீனையும் வாங்கிக்கொண்டார். ஆட்டோவில் வரும்போது பைக்கு வெளியே வால் நீட்டிக்கொண்டிருந்தது. சாலைத் தெரு முழுவதும் அதைப் பார்த்தது.

பொன்னம்மை மாடிப்படியின் உச்சியில் நின்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டாள். அந்தப் பொருள் படியேறினால் தான் இறங்கிப்போய்விடுவதாகச் சொன்னாள். மங்கலம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாகர்கோவில் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். நயினார் பையோடு பாதிப் படியில் நின்றார். அந்த நேரம் பார்த்து, மகளைப் பார்க்க வாழைத்தாரோடு செல்வமணி வந்து சேர்ந்தார். பையை எட்டிப் பார்த்தவர், வாழைத்தாரைச் சம்பந்தியின் தோளில் வைத்துவிட்டு மீனை வாங்கிக்கொண்டார். கோடவுனுக்குப் பின்னால் ஸ்டவ் பற்றவைத்து, தோலை உரித்து, அவித்து, உதிர்த்து, பூண்டும் சின்ன உள்ளியும் நல்லமிளகும் போட்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் புட்டு கிண்டிவிட்டார்.

நயினார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "உமக்கு இதெல்லாம் பழக்கமுண்டோ?" என்றார்.

"வித்துரால குளிரு ஜாஸ்தி" என்றார் செல்வமணி.

அதற்குமேல் அந்தப் பேச்சை யாரும் வளர்க்கவில்லை. திவ்யா ஒரு வருஷத்துக்குப் பிறகு மீன் வாசனையைக் கண்டவள், பொரிச்சட்டியைத் துடைத்துத் தின்றாள். ஒரு வாரம்வரைக்கும் சாலைப் பூனைகள் இரும்புக்கடைக்குள் வந்து கீல்களுக்கு நடுவே எதையோ தேடின. ஆனால் பால் விஷயத்தில் சுறாவால் ஒரு மாற்றமும் காணவில்லை. அதிலுள்ள சிக்கல் வேறு என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒன்றரை மாதத்துக் குத்திவைப்பு என்கிற தடுப்பூசிக்குக் குழந்தையைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ராகேஷ், பொன்னம்மை, மங்கலம் மூவரும் உள்ளே வந்தார்கள். நயினார் வெளியே நின்றார். ஊசி போட்டதும் குழந்தை வீரிட்டது. அங்கிருந்த ஸ்மிதா சிஸ்டர், பால் கொடு, அடங்கிவிடும் என்றாள். உடனே மங்கலம் பைக்குள் கைவிட்டுச் சங்கை எடுத்தாள். சிஸ்டர் சங்கைப் பார்த்தாள், துப்பட்டாவைப் பிடித்திருந்த திவ்யாவின் விரல்களைப் பார்த்தாள். "எல்லாரும் ஒண்ணு புறத்து நிக்கணும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவில் தாழ்ப்பாள் இருந்தது.

சிஸ்டர் அவளிடம் பால் உண்டா என்று கேட்கவில்லை. "வேதனையுண்டோ மோளே?" என்றாள்.

பிள்ளை பிறந்ததிலிருந்து யாரும் கேட்காத கேள்வி அது. திவ்யா பதில் சொல்ல வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. சிஸ்டர் அது முடிகிறவரை குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு துப்பட்டாவை மடித்து மேசைமேல் வைத்தாள். ஆபரேஷன் தையலில் படாமல் குழந்தையைக் கைக்கடியில், காலேஜ் ஃபைலை இடுக்குவதுபோல இடுக்கிக்கொள்ளச் சொன்னாள். அது அவசரப்படட்டும், வாயைப் பெரிதாகத் திறக்கிறவரை காத்திரு, திறந்ததும் நுனியை மட்டும் கொடுக்காமல் வாய் நிறையக் கொடு என்று மலையாளத்தில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே செய்துகாட்டினாள். இரண்டு தடவை தப்பிற்று. மூன்றாவது தடவை குழந்தை ஆவென்று திறந்தது, பிடித்தது, நிறுத்தியது, பிறகு 'க்ளுக்' என்று ஒரு சத்தம் வந்தது. திவ்யா மிமிக்ரிக்காரி. சத்தத்தில் அவளை ஏமாற்ற முடியாது. அது விழுங்குகிற சத்தம்தான். கால்விரல்கள் மடங்கவில்லை.

பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும், டின் வந்து பிள்ளையின் வயிற்றை நிரப்பிவிட்டால் உடம்பு இங்கே ஆளில்லை என்று கடையடைத்துவிடும் என்றாள் சிஸ்டர். ஒரேயடியாக டின்னை நிறுத்த வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகக் குறை, வாராவாரம் வந்து எடை பார் என்றும் சொன்னாள். முதலில் ஒரு மறைவிடம் வேண்டும், மனதுக்குப் பிடித்தவர்களைத் தவிர யாரும் பக்கத்தில் இருக்க வேண்டாம் என்றாள்.

மற்ற எல்லாவற்றையும் திவ்யா செய்துவிடுவாள். மறைவிடத்துக்கு எங்கே போவாள்? வீட்டுக்கு வந்து, தைரியத்தைக் கூட்டிக்கொண்டு, கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா பெரியம்மா என்று மங்கலத்திடம் கேட்டுப் பார்த்தாள். ஐந்து பெற்ற தான் பார்க்காததையா நீ வைத்திருக்கிறாய் என்று மங்கலம் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். ராகேஷ் பெரியத்தையிடம் சொல்லப்போய், அவளுக்கு முட்டிவலித் தைலம் வாங்கிவரும் வேலையோடு திரும்பினான். குழந்தை சிணுங்கியது. மங்கலம் டின் பக்கம் கை நீட்டினாள்.

அப்போது கீழிருந்து நயினாரின் குரல் கேட்டது. "யக்கா, ஒண்ணு கீழ வந்துட்டுப் போ."

மங்கலம் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள். தம்பி கடையில் யாருக்கோ பூட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். கூப்பிடவே இல்லை என்றான். அவள் மறுபடி ஒவ்வொரு படியாக ஏறி வருவதற்குள் குழந்தை குடித்துவிட்டு உறங்கியிருந்தது.

நயினாரின் குரல் வந்தது மேலேயிருந்துதான், துப்பட்டாவுக்குள் குனிந்திருந்தவளின் தொண்டையிலிருந்து. சாலையின் இரைச்சலில் மேலா கீழா என்று யார் பார்த்தார்கள்?

அன்றுமுதல் அந்த வீட்டில் பலவிதச் சத்தங்கள் கேட்டன. குழந்தைக்குப் பசிக்கிற நேரம் பார்த்துக் குக்கர் விசிலடிக்கும். பொன்னம்மை ஓடிப்போய்ப் பார்த்தால் அடுப்பே பற்றவைத்திருக்காது. பார்க்க வந்த பெண்களைப் பொன்னம்மையின் குரல் காப்பி ஆறுகிறது என்று கூடத்துக்கு அழைக்கும். அவர்கள் போய் உட்கார்ந்துவிட்டால் பொன்னம்மை வேறு வழியில்லாமல் காப்பி போடுவாள். அக்காளைத் தான் அடிக்கடி கூப்பிடுவதாகவும், கூப்பிட்டதே நினைவில்லை என்றும் நயினாருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. டாக்டரிடம் போய் பிரஷர் பார்த்துக்கொண்டார். இரவில் பாதாம் ஊறவைத்துத் தின்னத் தொடங்கினார். ராகேஷுக்கு மட்டும் விஷயம் தெரியும். சிரிப்பை அடக்க முடியாதபோது கோடவுனுக்குப் போய்விடுவான்.

எத்தனை நாள்தான் ஓடும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு லீவு. நயினார் கூடத்தில் அக்காளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மங்கலம் கையைக் கழுவிவிட்டு அறைக்குப் போக எழுந்தாள். அந்தச் சமயத்தில், வாய் நிறைய இட்லியோடு உட்கார்ந்திருக்கிற நயினாரின் குரல் அறைக்குள்ளிருந்து தெளிவாக வந்தது. "யக்கா, ஒண்ணு கீழ வந்துட்டுப் போ."

நயினார் இட்லியை விழுங்காமல் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். மங்கலம் தம்பியைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பிறகு கதவைத் தள்ளித் திறந்தாள். உள்ளே திவ்யா, ஃபைல் இடுக்குவதுபோல் குழந்தையை இடுக்கிக்கொண்டு, மாமாவின் இருமலுக்குத் தயாராக வாயைத் திறந்தபடி இருந்தாள்.

மங்கலத்துக்கு வந்த கோபத்தில் முட்டிவலி போய்விட்டது. பெரியவர்களைக் குரங்காட்டம் ஆட்டிவைக்கிற பெண்ணுக்குப் பிள்ளை வேறு ஒரு கேடா என்றாள். விளையாட்டுப் பிள்ளையை நம்பிக் குழந்தையை விட முடியாது, இன்றுமுதல் டின்தான், வேறு பேச்சில்லை என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"டின் பால்ல வளந்தா என்ன கொறஞ்சிரும்? இந்தா நிக்கானே ராகேஷு, டின்ல வளந்தவன்தானே? பொன்னம்மைக்குப் பால் வரல்ல. அம்மையும் நானும்தானே டின் கலக்கி வளத்தோம்?"

பால் கொடுப்பது எப்படி என்று இத்தனை நாளும் திவ்யாவுக்குப் பாடம் எடுத்தது பொன்னம்மை. வலி இருக்கத்தான் செய்யும், எல்லாம் பழகிவிடும், தனக்கெல்லாம் பொங்கி வழிந்தது என்று சொல்லியிருந்தாள். ராகேஷ் அம்மாவைப் பார்த்தான். பொன்னம்மை கையிலிருந்த சட்னிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"வரல்லேன்னு யாரு சொன்னா மைனி?" என்றாள். குரல் உயரவில்லை. "வர விட்டியளா? அத்தை ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம் டின்னைத் தூக்கிட்டு நின்னிய. எனக்கும் பத்தொம்பது வயசுதான். வெளிய போங்கன்னு சொல்ல வாய் வரல்ல. இவளுக்கு வருது. மூணு பேர் குரல்ல வருது."

சொல்லிவிட்டு அவள் கூடத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து அறை வாசலில் போட்டு, கதவைச் சாத்தி, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். உள்ளே திவ்யா குழந்தையை மறுபடி நெஞ்சோடு இடுக்கிக்கொண்டாள். சற்றுப் பொறுத்து வாசலுக்கு அந்தப் பக்கமிருந்து, "பிள்ளை குடிக்குதாட்டி?" என்று கேட்டது. குடிக்குது அத்தை என்றாள். "சத்தம் வருதா?" என்றாள் பொன்னம்மை. வருது என்றாள். கதவுக்கு வெளியே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அதைத் திவ்யா பிறகு எந்தக் காலத்திலும் யாருக்கும் செய்துகாட்டியதில்லை.

நயினார் எழுந்து கைகழுவி, கடையைத் திறந்து, உள்ளதில் நல்லதாக ஒரு பித்தளைத் தாழ்ப்பாளை எடுத்துவந்து மகனிடம் நீட்டினார். தலைமுறையாகத் தாழ்ப்பாள் விற்கிற குடும்பமே தவிர, இதுவரை யாரும் ஒன்றைக்கூடப் பொருத்தியதில்லை. ராகேஷ் ஒரு மணி நேரம் துளைபோட்டு, திருகி, வியர்த்து, தாழ்ப்பாளைக் கதவின் வெளிப்பக்கத்தில் மாட்டிவிட்டான். எல்லோரும் அதை நின்று பார்த்தார்கள். பொன்னம்மை அதுவே நல்லது என்றாள். பிள்ளைக்குப் பசித்ததும் திவ்யாவை உள்ளே விட்டு, வெளியே தாழ் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். யார் வந்தாலும் பிள்ளை பால் குடிக்கிறது, இருந்தால் இருங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு வாருங்கள் என்பாள். கோடவுன் சாவி சமையலறைக்கு இடம்பெயர்ந்தது. ஒருநாள் தாழ் போட்டதை மறந்து பொன்னம்மை பழவங்காடிப் பிள்ளையாரைப் பார்க்கப் போய்விட்டாள். திவ்யா ஜன்னல் வழியாகப் பொன்முடி பஸ் கண்டக்டரைப்போல இரட்டை விசில் அடித்தாள். தெருவில் போன ஓர் ஆட்டோ நின்றது, பிறகு ராகேஷ் ஓடிவந்தான். அன்று மாலை தாழ்ப்பாளை உள்பக்கம் மாற்றினார்கள்.

மங்கலம் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் பெட்டியைக் கட்டினாள். படியிறங்குமுன் திவ்யாவின் கட்டிலில் ஒரு பை பூண்டை வைத்துவிட்டு, உரித்துப் பாலில் வேகவைத்துத் தின் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. முதல் வாரம் எடை கூடவே இல்லை. பொன்னம்மை அந்தத் தராசு சரியில்லை என்று ஸ்மிதா சிஸ்டரோடு வழக்குப் பேசினாள். குழந்தை சில நேரம் சங்கைத்தான் கேட்டு அழுதது. திவ்யா ஒருநாள், என்னால் ஆகாது, டின்னையே கொடுங்கள் என்று போர்வைக்குள் போய்விட்டாள். அன்றைக்குப் பொன்னம்மை டின் பாலையே கலக்கிக் கொடுத்தாள். மாலையில் பிள்ளையைக் கொண்டுவந்து பக்கத்தில் கிடத்தி, வேண்டுமென்றால் பார், வேண்டாமென்றால் விடு என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள். திவ்யா பார்த்தாள். அடுத்த வாரம் எடை கூடியது. அதற்கடுத்த வாரம் நன்றாகவே கூடியது. நாளடைவில் டின் அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிற்று. மிச்சமிருந்த பவுடரை வீணாக்கக் கூடாது என்று நயினார் காலைக் காப்பியில் போட்டுக் குடித்துத் தீர்த்தார். ஒரு சுற்றுப் பருத்தும் விட்டார்.

ஆறாம் மாதம் கோயிலில் சோறூட்டு வைத்தார்கள். வித்துராவிலிருந்து செல்வமணி வந்தார். நாகர்கோவிலிலிருந்து மங்கலம் புதுப்புடவையில் வந்து இறங்கினாள். பொன்னம்மையும் திவ்யாவும் முந்தின நாளே பேசி வைத்திருந்தார்கள். பால் குடித்துப் பழகிய பிள்ளை, சோற்றை உடனே ஏற்காது. துப்பும், அழும், யாரும் வற்புறுத்தக் கூடாது, துப்பினால் திவ்யா மண்டபத்துக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பால் கொடுத்துவிடலாம். அதற்கென்று பொன்னம்மை ஒரு பெரிய துண்டும் கொண்டுவந்திருந்தாள்.

நயினார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். மங்கலம் பெரியவள் என்ற முறையில் முதல் உருண்டையை, பாயசத்தில் தொட்ட நாலு பருக்கைச் சோற்றை, குழந்தையின் நாக்கில் வைத்தாள். குழந்தை அதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு விழுங்கிவிட்டு, மங்கலத்தின் விரலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, வாயை ஆவென்று திறந்தது. ஸ்மிதா சிஸ்டர் சொன்ன அதே அகலம். மங்கலம் இன்னும் கொஞ்சம் வைத்தாள். அதுவும் போயிற்று. செல்வமணி ஊட்டினார், ராகேஷ் ஊட்டினான், குழந்தைக்கு அலுக்கவில்லை. பக்கத்து இலையில் சோறூட்டுக்கு வந்திருந்த இன்னொரு பிள்ளை துப்பித் துப்பி அழுதுகொண்டிருந்தது. திவ்யா அந்தப் பிள்ளையின் அம்மாவைப் பொறாமையோடு பார்த்தாள்.

"என்னட்டி மூஞ்சி?" என்றாள் பொன்னம்மை.

"அவ்வளவுதானா அத்தை?" என்றாள் திவ்யா. "நாம பட்டபாடெல்லாம் ஒரு பாயசத்துக்குத் தாங்கல்லியே."

பொன்னம்மைக்கும் அதே எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. துண்டை மடித்து மடித்து உள்ளங்கை அளவாக்கியிருந்தாள். "தீனிப் பண்டாரம். அதோட தாத்தாவைக் கொண்டிருக்கு" என்றாள்.

திரும்பிவரும்போது ஆட்டோவில் திவ்யா ஒருமுறை முயன்று பார்த்தாள். வயிறு முட்டியிருந்த குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவள் தோளில் பாயச வாசனையோடு ஒரு ஏப்பம் விட்டு, உறங்கிப்போனது.